இசட் போட்டதற்கு அரை மதிப்பெண்

ஆங்கில விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும், பேச்சுத் தேர்வில் எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கும், அவர்களுக்கு விதிமுறை எழுதிக் கொடுக்கிற குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆங்கிலப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். சிவப்புப் பேனாதான் எனக்கும் சோறு போடுகிறது. ஆகவே இதை உங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று எழுதுவதாக நினைத்துவிட வேண்டாம். பிழையைக் கண்டால் கை அரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்தான்.

போன மாதம் என் அக்கா மகள் தன் ஆங்கில விடைத்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். "மாமா, இதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க." தொழிலாளர் உரிமை பற்றிய கட்டுரை. மூன்றாவது பத்தியில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரை முழுதாக எழுதியிருந்தாள். 'லேபர்' என்ற சொல்லில் யூ இருந்தது. 'ஆர்கனைசேஷன்' என்ற சொல்லில் எஸ்ஸுக்குப் பதிலாக இசட் இருந்தது. அந்த இசட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். இரண்டு முறை சுற்றியிருந்தார்கள், தாளே லேசாகக் கிழிந்திருந்தது. ஓரத்தில், 'பாதி பிரிட்டிஷ், பாதி அமெரிக்கன். கலக்காதே!' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, அரை மதிப்பெண் கழிவு.

1919-ல் தொடங்கி, ஜெனீவாவைத் தலைமையகமாகக் கொண்ட அந்த அமைப்பின் பெயரே அப்படித்தான். லேபரில் யூ உண்டு, ஆர்கனைசேஷனில் இசட் உண்டு. பெயரை உள்ளது உள்ளபடி எழுதியதற்கு அவளுக்குத் தண்டனை. அவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "திருத்தினவங்க அவசரத்துல இருந்திருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது உண்மையில்லை என்று எனக்கும் தெரியும். அந்த வட்டத்தில் அவசரம் இல்லை, நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்த மடல்.

இசட் என்றால் அமெரிக்கா, எஸ் என்றால் இங்கிலாந்து என்று நம்மில் பலருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஆக்ஸ்ஃபோர்டு முறையைப் பின்பற்றும் ஒரு புத்தகத்தில் இருந்த இசட்டை எல்லாம் எஸ்ஸாக மாற்றிக் கொடுத்து, தலைமை மெய்ப்பரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகமும், 1884-ல் முதல் பகுதி வெளிவந்த அதன் பேரகராதியும் இந்த வகைச் சொற்களுக்கு இசட்டைத்தான் முதலில் வைக்கின்றன. 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களின் கடைசியில் வரும் 'ஐஸ்' என்ற விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது, கிரேக்கத்தில் அது இசட் ஒலி, அவ்வளவுதான் காரணம். அமெரிக்கா என்று ஒரு நாடு பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்துக்காரர்கள் இந்த இசட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். எஸ் வடிவம் பிரெஞ்சு வழியாக வந்து பிறகு பிரிட்டனில் பெருவழக்கானது. இரண்டுமே அந்த ஊரின் சொந்தப் பிள்ளைகள். ஐ.நா. ஆவணங்களும் பிரிட்டிஷ் எழுத்துமுறையோடு இந்த இசட்டைச் சேர்த்துத்தான் வெளியாகின்றன. அதே சமயம் 'சர்ப்ரைஸ்', 'எக்ஸர்சைஸ்' போன்ற சொற்களுக்கு அந்தக் கிரேக்க விகுதியோடு தொடர்பில்லை. எந்த நாட்டிலும் அவற்றுக்கு எஸ்தான். அங்கே இசட் போட்டால் தாராளமாக வட்டம் போடுங்கள், நானும் சேர்ந்து போடுகிறேன்.

பிழை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறினால் லண்டனிலும் தப்பு, நியூயார்க்கிலும் தப்பு, சிட்னியிலும் தப்பு. என் பிராது, ஒரு நாட்டில் பிழையாகவும் இன்னொரு நாட்டில் சரியாகவும் இருக்கிறவற்றைப் பற்றி மட்டும்தான்.

அந்த யூவின் கதையைப் பார்ப்போம். 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியை வெளியிட்டபோது 'ஹானர்', 'கலர்' போன்றவற்றில் யூவை வைத்தார். அதோடு நிற்கவில்லை, 'எரர்', 'ஹாரர்', 'கவர்னர்', 'எம்பரர்' எல்லாவற்றிலும் யூ வைத்தார். 'மியூசிக்' என்பதன் கடைசியில் ஒரு கேயும் சேர்த்தார். இன்று எந்த ஆங்கிலேயரும் 'எரர்' என்ற சொல்லில் யூ போடுவதில்லை, மியூசிக்கில் கே போடுவதில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806-லும், பிறகு 1828-ல் வந்த பெரிய அகராதியிலும் இவற்றை எல்லாம் ஒரேயடியாக வெட்டினார். பிரிட்டன் வெப்ஸ்டரைத் திட்டிக்கொண்டே கேயை விட்டது, பாதிச் சொற்களில் யூவையும் விட்டது, மீதிப் பாதியில் பிடித்துக்கொண்டது. எந்தப் பாதி, ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. 'ஹானர்' என்றால் யூ உண்டு, 'ஹானரரி' என்றால் யூ கிடையாது. 'ஹியூமர்' என்பதில் உண்டு, 'ஹியூமரஸ்' என்பதில் இல்லை. ஆஸ்திரேலியர்கள் உழைப்பைக் குறிக்கும் சொல்லை யூ போட்டு எழுதுகிறார்கள், ஆனால் அங்குள்ள தொழிலாளர் கட்சி 1912 முதல் தன் பெயரில் யூ இல்லாமல் இருக்கிறது. ஒரே செய்தித்தாளின் ஒரே வரியில் இரண்டும் வரும், இரண்டும் சரி.

வெப்ஸ்டரும் எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை. நாக்கு என்ற பொருள்படும் சொல்லை நான்கே எழுத்தில், ஒலிக்கிறபடியே எழுதலாம் என்றார். பெண்கள் என்ற சொல்லையும் அப்படியே 'விம்மென்' என்று மாற்றிப் பார்த்தார். அவருடைய நாட்டுக்காரர்களே அதைக் கண்டுகொள்ளவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1906-ல், அமெரிக்க அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார்: எளிமையாக்கிய எழுத்தில் 300 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அரசு அச்சகம் இனி இப்படித்தான் அச்சடிக்க வேண்டும். பத்திரிகைகள் கேலி செய்தன. காங்கிரஸ் மறுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரவு வாபஸ். ஒரு நாட்டின் அதிபரால் முடியாததை நாம் அரை மதிப்பெண் கழித்துச் சாதிக்கப் பார்க்கிறோம். (நம் மொழியில் 1978-ல் ஓர் அரசாணை 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியது, அது நிலைத்துவிட்டது. எழுத்து விஷயத்தில் எது நிலைக்கும், எது போகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது போலிருக்கிறது.)

எல் எழுத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பயணித்தான் என்ற பொருளில் 'டிராவல்ட்' என்று எழுத பிரிட்டனில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. சரி, அமெரிக்கர்கள் சிக்கனக்காரர்கள் என்று முடிவு கட்டினால், 'ஃபுல்ஃபில்' என்பதன் கடைசியில் அவர்கள் இரண்டு எல் போடுகிறார்கள், பிரிட்டிஷார் ஒன்றோடு நிறுத்துகிறார்கள். 'பிராக்டிஸ்' பெயர்ச்சொல்லானால் சி, வினையானால் எஸ் என்பது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்காவில் இரண்டுக்குமே சி. 'லைசென்ஸ்' என்றால் அமெரிக்காவில் இரண்டுக்குமே எஸ். காரணம் கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அலுமினியத்தின் கதை. ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர் 1808-ல் அந்த உலோகத்துக்கு 'அலுமியம்' என்று பெயர் சூட்டினார். 1812-ல் அவரே மனம் மாறி 'அலுமினம்' என்று எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதிய ஒரு விமர்சகர், அது காதுக்குச் செம்மையாக இல்லை, 'அலுமினியம்' என்று இருக்கட்டும் என்றார். ஆக, அமெரிக்கர்கள் சொல்லும் 'அலுமினம்' ஓர் ஆங்கிலேயர் வைத்த பெயர். ஆங்கிலேயர்கள் சொல்வது பெயர் வைத்தவரைத் திருத்தப்போன ஒருவர் சொன்னது. அமெரிக்க வேதியியல் சங்கம் 1925-ல்தான் 'அலுமினம்' என்பதை முறைப்படி ஏற்றது. 1990-ல் வேதியியலாளர்களின் சர்வதேச ஒன்றியமான ஐயுபாக், உலகம் முழுவதற்கும் 'அலுமினியம்' என்று முடிவு செய்தது. மூன்றே ஆண்டில், சரி, 'அலுமினம்' என்றும் எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. கந்தகத்தின் ஆங்கிலப் பெயர் விஷயத்தில் அந்த ஒன்றியம் 1990-லேயே அமெரிக்க எழுத்தான எஃப்பைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் இரண்டே ஆண்டில் பழைய பி-எச்சைக் கைவிட்டு எஃப்புக்கு மாறிவிட்டது. ஆக, வேதியியல் தாளில் எஃப் போட்டு எழுதும் பிரிட்டிஷ் மாணவன் தன் நாட்டு அறிவியல் சங்கம் சொன்னபடியே எழுதுகிறான். உங்களில் எத்தனை பேருடைய விடைக்குறிப்பில் இது ஏறியிருக்கிறது?

பிள்ளைகள் ஏன் கலந்து எழுதுகிறார்கள் என்பதற்கு வெகு சாதாரணமான ஒரு காரணம் இருக்கிறது. பாடப்புத்தகம் ஒரு நாட்டு எழுத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் போனும் கணினியும் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் திறக்கின்றன. வகுப்பில் யூ போட்டு எழுதக் கற்ற பெண் வீட்டில் அதையே தட்டச்சு செய்தால் கீழே சிவப்புக் கோடு ஓடுகிறது. கோடு போகட்டும் என்று யூவை எடுக்கிறாள். மறுநாள் தேர்வில் யூ இல்லை, உங்கள் பேனாவின் சிவப்பு வந்து விழுகிறது. இரண்டு சிவப்புக்கு நடுவில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வலைப்பக்கம் செய்யக் கற்கிற பையனுக்கு இன்னும் கஷ்டம். அங்கே நிறத்தைக் குறிக்கும் கட்டளையை யூ இல்லாமல்தான் எழுத வேண்டும், யூ போட்டால் நிறமே வராது. ஆனால் சாம்பல் நிறத்தின் ஆங்கிலப் பெயரை நடுவில் ஏ போட்டு எழுதினாலும் ஈ போட்டு எழுதினாலும் அதே கணினி ஏற்றுக்கொள்கிறது. அந்த ஒரு சொல்லில் கணினிக்கு இருக்கிற பெருந்தன்மை நமக்கும் இருக்கலாம்.

எழுத்தாவது பரவாயில்லை, அகராதியைக் காட்டி வாதாடலாம். பேச்சுத் தேர்வில் அதற்கு வழியே இல்லை. வாயைத் திறந்த நிமிடமே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

ஆர் என்ற ஒரே ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கார்', 'ஃபோர்த்', 'ஃப்ளோர்' என்ற சொற்களில் ஆர் ஒலியை லண்டன் பேச்சு விழுங்கிவிடும். ஸ்காட்லாந்துக்காரர் உருட்டிச் சொல்வார், அயர்லாந்துக்காரரும் விடமாட்டார், பெரும்பாலான அமெரிக்கர்களும் நாக்கை மடித்துச் சொல்வார்கள். நம்மில் பலர், விழுங்குவதுதான் உயர்ந்த ஆங்கிலம் என்று கற்றவர்கள். 1962-ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் போவது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. ஒவ்வொன்றிலும் விற்பனையாளர்களிடம், நான்காம் தளத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேளாதவர் மாதிரி, "என்ன சொன்னீங்க?" என்று முன்னால் குனிந்து மறுபடி கேட்பார். இப்போது அழுத்தித் திருத்தமாகச் சொல்வார்கள். பிறகு கண்ணில் படாத இடத்துக்குப் போய், எத்தனை ஆர் ஒலித்தது என்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். விலை உயர்ந்த கடையில் ஆர் அதிகம் ஒலித்தது, மலிவுக் கடையில் மிகக் குறைவாக ஒலித்தது. இரண்டாம் முறை கவனமாகச் சொன்னபோது ஆர் இன்னும் கூடியது. ஆக, லண்டனில் ஆரை விழுங்கினால் மரியாதை, நியூயார்க்கில் விழுங்கினால் மரியாதைக் குறைவு. ஒலி ஒன்றுதான்.

இதில் இன்னொரு கூத்து. ஆர் இருக்கும் இடத்தில் அதை விழுங்குகிற அதே தென் இங்கிலாந்துப் பேச்சு, இல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுவந்து செருகும். 'லா அண்ட் ஆர்டர்' என்பதைப் பலர் 'லா-ரண்ட் ஆர்டர்' என்பார்கள். நம் பிள்ளை அப்படிச் சொன்னால் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

'பாத்', 'பிளான்ட்', 'ஆஃப்டர்' போன்ற சொற்களை நெடில் 'ஆ'வோடு சொல்வது இன்று மேட்டுக்குடி உச்சரிப்பு. வட இங்கிலாந்தில் அதே உயிர் குட்டையாக ஒலிக்கும், அமெரிக்காவிலும் அது அந்த 'ஆ' இல்லை. 1791-ல் உச்சரிப்பு அகராதி எழுதிய ஜான் வாக்கர் என்ற லண்டன்காரர் இந்த நெடிலைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? அது கொச்சைக்கு மிக அருகில் இருக்கிறது என்று எழுதினார். அவர் திட்டிய ஒலியைத்தான் பிற்காலத்தில் உலகமெங்கும் 'நல்ல ஆங்கிலம்' என்று பயிற்சி கொடுத்தார்கள். 'ஹெர்ப்' என்ற சொல்லில் அமெரிக்கர்கள் ஹகரத்தை விடுவதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் கிண்டல் செய்வார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பழைய உச்சரிப்பே ஹகரம் இல்லாததுதான். இங்கிலாந்துதான் எழுத்தைப் பார்த்துப் பிறகு ஒலியைச் சேர்த்துக்கொண்டது. 'ஷெட்யூலா' 'ஸ்கெஜூலா' என்ற சண்டை உங்கள் அறைகளில் எத்தனை முறை நடந்திருக்கும். ராணுவத்தில் 'லெஃப்டினன்ட்' என்று சொல்கிற பிரிட்டிஷ்காரருக்கு அந்த எஃப் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எழுத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அமெரிக்கர்கள் 'லூட்டினன்ட்' என்று எழுத்துக்கு நெருக்கமாகச் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் பலருக்கு 'பியர்' என்ற பானமும் கரடியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி. அவர்கள் யாரும் பேச்சுத் தேர்வுக்கு வந்து உங்கள் முன்னால் உட்காரப் போவதில்லை என்பதுதான் அவர்களுடைய அதிர்ஷ்டம்.

1926-ல் பிபிசி, அறிவிப்பாளர்கள் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர், பிறகு பெர்னார்ட் ஷா. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அந்தக் குழு நின்றுபோனது. போர்க்காலத்தில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பேச்சுள்ள வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தார்கள், நேயர்களிடமிருந்து புகார்கள் வந்தன. அவரும் ஆங்கிலேயர், கேட்டவர்களும் ஆங்கிலேயர்.

காது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன், பேச்சுத் தேர்வு நடத்துகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு விரிவுரையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர். ஒரு குழுவுக்கு முன்னால் வெள்ளை இனப் பெண் ஒருவரின் படம், இன்னொரு குழுவுக்கு முன்னால் ஆசியப் பெண் ஒருவரின் படம். ஒலிப்பதிவு ஒன்றேதான். ஆசியப் படத்தைப் பார்த்தபடி கேட்டவர்கள் அந்நிய ஆக்சென்ட் இருந்ததாகச் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை, பாடத்தையே அவர்கள் குறைவாகப் புரிந்துகொண்டார்கள். இல்லாத ஆக்சென்ட் அவர்கள் காதை அடைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் உடையையும் பள்ளியின் பெயரையும் பார்த்துவிட்டு நாம் கேட்கிற ஆங்கிலத்துக்கு இதே கதி நேராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு கதை வருகிறது. யோர்தான் ஆற்றுத் துறையில் நின்றுகொண்டு, தப்பி ஓடி வருகிறவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். 'சிபோலேத்' என்று சொன்னவன் எதிரி, அங்கேயே வெட்டு. 42,000 பேர் என்கிறது கதை. உலகத்தின் பழைய உச்சரிப்புத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் அரை மதிப்பெண்தான் கழிக்கிறீர்கள், அந்த வகையில் முன்னேற்றம்தான்.

சரி, அப்படியானால் உச்சரிப்புக்கு மதிப்பெண்ணே கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று சொல்லவில்லை. எதற்கு என்பதுதான் கேள்வி. மரே மன்றோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சென்ட் மிக அதிகம் என்று கேட்டவர்கள் குறித்த பல வாக்கியங்களை அதே ஆட்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டினார்கள். ஆக்சென்ட் வேறு, புரியாமல் போவது வேறு. பல்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது தடுக்கிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் எழுதினார். குறில் நெடில் குழம்பினால் தடுமாற்றம், சொல்லின் தொடக்கத்தில் மெய் ஒன்று காணாமல் போனால் தடுமாற்றம், வாக்கியத்தின் அழுத்தம் தவறான சொல்லில் விழுந்தால் தடுமாற்றம். ஆனால் 'திங்க்' என்ற சொல்லில் நாக்கைப் பல்லிடையே நீட்டாமல் நம் தகரத்தைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அயர்லாந்தில் பலர் ஏறத்தாழ அப்படித்தான் சொல்கிறார்கள், லண்டனில் பலர் 'ஃபிங்க்' என்கிறார்கள். அந்த நாக்கை நீட்ட வைக்க நாம் எத்தனை வகுப்புகளைச் செலவழித்திருக்கிறோம்! ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் கவுன்சில் ஆஃப் யூரோப் 2018-ல் தன் மொழித்திறன் அளவுகோலைத் திருத்தியபோது, தாய்மொழிக்காரர் மாதிரி ஒலிக்கிறதா என்பதை விட்டுவிட்டு, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை முன்னால் வைத்தது.

வேறுபாடுகளோடு வாழ்வது தமிழ் படிக்கிற நமக்குப் புதிதா என்ன? ஒரே கனடா நகரத்தைத் தமிழ்நாட்டுப் பத்திரிகை 'டொராண்டோ' என்கிறது, யாழ்ப்பாணத்து வழக்கில் பழகியவர் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார். ஆங்கில டகரத்துக்கு ரகரம் எழுதுவது அவர்களின் நெடுநாளைய மரபு. அதைப் பிழை என்று தமிழ் அறிந்த யாரும் வட்டமிட மாட்டோம். அது எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று உடனே புரிந்துவிடும், மேலே படிப்போம்.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். "ஆயிரக்கணக்கான தாள், ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டு எழுத்து என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது." நியாயம்தான். ஆனால் ஐஇஎல்டிஎஸ் தேர்வு உலகம் முழுக்க நடக்கிறது, பிரிட்டிஷ் எழுத்தையும் அமெரிக்க எழுத்தையும் ஏற்கிறது. எங்கள் தொழிலில் ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "எந்த நாட்டு எழுத்து?" என்பதுதான். பதில் ஒரு பக்கக் காகிதத்தில் வரும், பிறகு அந்தக் காகிதத்தின்படிதான் பேனா ஓடும். காகிதம் தராமல் வேலை வாங்கிவிட்டு, மீறினாய் என்று சம்பளம் பிடித்தால் நாங்கள் சும்மா இருப்போமா? உங்கள் மாணவர்களுக்கு அந்தக் காகிதம் கொடுக்கப்பட்டதா?

எனவே கேட்பது இவ்வளவுதான். ஒரே எழுத்துமுறைதான் வேண்டும் என்றால் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு கழியுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். சொல்லவில்லை என்றால், நம்பகமான அகராதி ஒன்றில் இருக்கிற எந்த வடிவத்துக்கும் மதிப்பெண் கழிக்காதீர்கள் என்று திருத்துகிறவர்களுக்கான குறிப்பில் ஒரு வரி சேருங்கள். ஒரே சொல்லை ஒரே தாளில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் அடியில் ஒரு கோடு போட்டுச் சுட்டிக்காட்டுங்கள், அது நல்ல பாடம். ஆனால் ஒரு சொல்லில் யூவும் இன்னொன்றில் இசட்டும் இருப்பதை மட்டும் வைத்து 'கலப்படம்' என்று முடிவு கட்ட வேண்டாம். கனடாவில் நிறம் என்ற சொல்லுக்கு யூ போடுகிறார்கள், வண்டிச் சக்கரத்தின் டயருக்கு அமெரிக்கர் மாதிரி ஐ போடுகிறார்கள், 'அனலைஸ்' என்பதற்கு இசட் போடுகிறார்கள். உங்கள் கணக்கில் அந்த நாடு முழுவதும் தேர்வில் தேறாது.

பேச்சுத் தேர்வில், மதிப்பெண் தாளின் 'உச்சரிப்பு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், "எனக்குப் புரியாமல் போன சொல் எது?" என்று ஒரு காலி இடம் விடுங்கள். கழிக்கிறவர் அந்தச் சொல்லை அங்கே எழுதட்டும். எழுத ஒன்றும் இல்லையென்றால் கழிக்கவும் ஒன்றும் இல்லை.

அக்கா மகள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அந்த அமைப்பின் பெயரை அவர்களுடைய வலைத்தளத்திலிருந்தே அச்செடுத்து இணைத்திருக்கிறோம். அரை மதிப்பெண்ணுக்காக இவ்வளவா என்று அக்கா திட்டுகிறாள்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். எந்த நாட்டு எழுத்தில் வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிவப்புப் பேனா பிடிக்கிற இன்னொருவன்